பதினாறு நிறம் போதும்

பெரோஸ்,
உன் செயலி வந்து சேர்ந்தது.
லாட்ஜ் கம்ப்யூட்டரில் அது திறக்க
ஒரு டீ ஆறும் நேரம் ஆகிறது.
முதலில் அதைக் குறை.
ஒன்பது மணிக்கு மேல் ஏற்காட்டுக்கு வருகிறவர்கள்
மணி அடிப்பதில்லை, மேசையைத் தட்டுகிறார்கள்.
அதற்குள் நான் ஒரு காதாவது வரைந்திருக்க வேண்டும்.

என்ன வரைகிறாய் என்று கேட்டாய்.
காட்டெருமை.
போன மாதம் பதினான்காவது கொண்டை ஊசியில்
கடைசி பஸ்ஸை எட்டு நிமிடம் நிறுத்திவைத்தது.
ஹெட்லைட்டில் முதலில் தெரிந்தது உடம்பில்லை,
நான்கு வெள்ளைக் காலுறை.
முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டில்
ஒரு காலுறைக்கு இரண்டே கட்டம்.
உன் பென்சில் அதன் ஓரத்தில்
நான் கேட்காமலே சாம்பல் தடவுகிறது.
மழமழவென்று இருக்கட்டும் என்றுதானே செய்தாய்?
வேண்டாம்ப்பா.
ஒரு கட்டம் என்றால் ஒரு கட்டம்.
என் வீட்டுக்கு வெள்ளையடித்தால்
பக்கத்து வீட்டுச் சுவரில் தெறிக்கக் கூடாது.

நிறச் சக்கரத்தை எடுத்துவிடு.
கோடி நிறம் காட்டினால்
ஜவுளிக்கடையில் நூறு சேலை விரித்த மாதிரி
ஒன்றும் எடுக்காமல் எழுந்து வந்துவிடுகிறேன்.
பதினாறு போதும். கீழே, வரிசையாக.
ஆனால்
ஏழாவதை நான் மாற்றினால்
படத்தில் ஏழாவது இருக்கும் இடமெல்லாம்
தானாக மாற வேண்டும்.
பகலை இரவாக்க எனக்கு வேறு வழியில்லை.

பனிமூட்டத்துக்கு ஒரு பட்டை தந்திருக்கிறாய்,
இழுக்க இழுக்க மரம் மங்குகிறது.
ஐந்து ரோட்டில் உட்கார்ந்து யோசித்த பனி அது.
ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்,
இங்கே சில்வர் ஓக் மங்குவதில்லை,
ஒன்று விட்டு ஒன்று காணாமல் போகிறது.
ஒரு கட்டம் வெள்ளை, ஒரு கட்டம் மரம்,
ஒரு கட்டம் வெள்ளை.
சதுரங்கப் பலகை போல நிரப்புகிற
ஒரு தூரிகை கொடு.
மீதியைக் கண் கலந்துகொள்ளும்.

கண்ணாடிப் பொத்தான் நல்லது,
பாதி முகம் போட்டால் மீதி முகம் வருகிறது.
திறக்கும்போதே அணைத்து வை, அவ்வளவுதான்.
படகுத்துறையில் தினம் பார்க்கிறேன்,
ஏரிகூட ஒரு வரிசை பிசகித்தான்
திருப்பித் தருகிறது.

வால் ஆடுவதற்கு இரண்டு படம் போதும்.
இரண்டாவதைப் போடும்போது
முதலாவது அடியில் லேசாகத் தெரியட்டும்,
இல்லாவிட்டால் வால் ஆடாது, இடம் மாறும்.

செய்ததை ரத்து செய்ய
பத்தே பத்துத் தடவைதானா?
இந்த மலைக்கே வளைவு இருபது.
டிரைவர் ஒடித்து, பின்னால் எடுத்து,
மறுபடி ஒடித்துத்தான் ஏற்றுகிறார்.
என் கீபோர்டில் இஸட் எழுத்து அழிந்து நாளாயிற்று.

அப்புறம், மேனேஜர் தாவீதுராஜ் வந்தால்
ஒரே விசையில்
வாடகைக் கணக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும்.
சிரிக்காமல் செய்து கொடு.

நேற்று ராத்திரி ஆத்தூர்க்காரர் ஒருவர்
சாவி வாங்கும்போது எட்டிப் பார்த்தார்.
பதினாறு மடங்கு பெரிதாக்கியிருந்தேன்.
‘ஏம்மா, டிவி கெட்டுப்போச்சா?’
சுருக்கிக் காட்டினேன்.
பையைக் கீழே வைத்தார்.
‘அட, நம்மளையே பார்க்குது’ என்றார்.
அதனால்தான் கேட்கிறேன்,
மூலையில் எப்போதும் ஒரு சின்ன ஜன்னல்,
நிஜ அளவில்.
கட்டங்களுக்குள் நான் தொலைந்திருக்கும்போது
எருமை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள.

அவர் மாடிப்படி ஏறி முடிக்கவில்லை, கரண்ட் போனது.
வந்தபோது கொம்பு இருந்தது,
நான்கு காலுறையும் இருந்தன.
கண் இல்லை.
ஒரே ஒரு கட்டம்.
பதினொன்றா பன்னிரண்டா,
எந்த நிறத்தை வைத்தேன் என்று
எவ்வளவு யோசித்தும் வரவில்லை.
‘சேமிக்கவா’ என்று கேட்காதே, பெரோஸ்.
சேமித்துவிடு.
ஒவ்வொரு கட்டத்துக்கும்.

காலையில் அறையைக் காலி செய்ய வருவார்.
பில்லை நீட்டிவிட்டு
அவரிடம்தான் கேட்க வேண்டும்,
அது எந்த நிறத்தில் பார்த்தது என்று.